பிள்ளை வாய் திறக்கும் வீடு



இந்த மாதக் குடும்பப் பாடம், 12 வயதிலிருந்து 19 வயது வரை பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கானது. முதலில் தாயும் தகப்பனும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். பிறகு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசியில் உள்ள கேள்விகளைப் பேசுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை.

காலையில் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் நின்று பார்த்தால் நம் பிள்ளைகளைப் பார்க்கலாம். சாப்பாட்டு டப்பாவும் புத்தகப் பையுமாக வேப்பம்பட்டு, திருநின்றவூர், ஆவடி வழியாகச் சென்னைக்குப் போகிற பிள்ளைகள். ரயில் ஏறிய பிறகு அவர்கள் யாரோடு நிற்கிறார்கள், யாருக்குப் பயப்படுகிறார்கள், யார் கொடுத்ததை வாங்குகிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை.

2024 அக்டோபர் முதல் வாரத்தில், திருத்தணிப் பக்கத்து மாணவர் ஒருவர் சென்னை சென்ட்ரல் அருகே தாக்கப்பட்டார். மாநிலக் கல்லூரியில் படித்தவர், வயது 19. சில நாட்களில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் உயிரிழந்தார். பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் சிலர் கைது செய்யப்பட்டார்கள். எந்தக் கல்லூரி பெரியது, எந்தத் தடத்துக்கு யார் ‘ரூட்டு தல’ என்று ஆண்டுக்கணக்காக நடந்துவரும் போட்டிதான் இதற்குப் பின்னால் இருந்தது. ஒரு தாய் பிள்ளையை மண்ணில் வைத்தாள். வேறு சில தாய்மார் பிள்ளையைப் பார்க்கச் சிறை வாசலில் நின்றார்கள்.

இந்தக் கூட்டங்களில் ஒரு பிள்ளை ஒரே நாளில் சேர்ந்துவிடுவதில்லை. முதல் நாள் உட்கார இடம் கொடுப்பார்கள். அடுத்த வாரம் பெட்டியைத் தட்டிப் பாட்டுப் பாட அழைப்பார்கள். அதன் பிறகு ‘நம்ம பையன்’ என்பார்கள். பிறகு ஒரு நாள் ‘நீ வரணும்டா’ என்பார்கள். அந்த நாளில் ‘வரமாட்டேன்’ என்று சொல்லும் தைரியம் பிள்ளைக்கு வேண்டும். அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? அன்று இரவு வீட்டுக்கு வந்து, நடந்ததை அத்தாவிடமோ அம்மாவிடமோ சொல்ல முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் வரும்.

போதை, மிரட்டல், தவறான உறவு ஆகிய மூன்றையும் நாம் மூன்று தனித்தனி ஆபத்துகளாக நினைக்கிறோம். அறக்கட்டளை வேலையில் இத்தனை ஆண்டுகள் குடும்பங்களோடு பழகியதில் நான் கண்டது, மூன்றுக்கும் ஒரே தீனிதான். ‘இதை வீட்டில் சொல்ல முடியாது’ என்ற எண்ணம்தான் அது. அந்த எண்ணத்தை எப்படி உடைப்பது என்பதே இந்தப் பாடம்.

அருகில் வரச் சொன்ன நபி (ஸல்)

முஸ்னத் அஹ்மதில் அபூ உமாமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஒரு வாலிபர் நபி (ஸல்) அவர்களின் சபைக்கு வந்து, விபச்சாரம் செய்ய எனக்கு அனுமதி தாருங்கள் என்று கேட்டார். இன்று நம் பள்ளிவாசலில் ஒரு பையன் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அன்றும் சுற்றி இருந்தவர்கள் அவரை அதட்டினார்கள், வாயை அடக்கப் பார்த்தார்கள். நபி (ஸல்) அவர்களோ அவரை அருகில் வரச் சொன்னார்கள். அவர் வந்து உட்கார்ந்தார்.

பிறகு, இதை உன் தாய்க்கு விரும்புவாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். மக்களும் தங்கள் தாய்க்கு இதை விரும்புவதில்லை என்றார்கள். மகள், சகோதரி, அத்தை, சின்னம்மா என ஒவ்வோர் உறவாகச் சொல்லிக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவரே தம் வாயால் இல்லை என்றார். முடிவில் அவர் மீது கையை வைத்து, அவருடைய பாவம் மன்னிக்கப்படவும், உள்ளம் தூய்மையாகவும், கற்பு காக்கப்படவும் துஆ செய்தார்கள். அதன் பிறகு அந்த வாலிபர் அந்தப் பக்கமே திரும்பவில்லை என்று அறிவிப்பாளர் சொல்கிறார்.

இதில் பெற்றோருக்கு நான்கு பாடங்கள் உண்டு. முதலாவது, அந்த வாலிபர் தம் மனதில் இருந்ததைச் சபையில் சொல்லத் துணிந்தார் என்றால், அந்தச் சபையில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. இரண்டாவது, கேட்ட மாத்திரத்தில் நபியவர்கள் அவரைத் தள்ளாமல் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது, நீண்ட உபதேசம் செய்யவில்லை. கேள்வி கேட்டு, பதிலை அவரிடமிருந்தே வரவழைத்தார்கள். நான்காவது, தொட்டு துஆ செய்தார்கள். அதே நேரத்தில் ஹராமை ஹலாலாக்கவில்லை, பாவத்தைச் சின்னதாக்கவும் இல்லை. பிள்ளையிடம் மென்மையாகப் பேசினால் மார்க்கம் தளர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த ஹதீஸைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

நான் செய்த தவறு

இந்த ஹதீஸை நான் மதரஸாவில் ஓதியவன். ஆனாலும் வேளை வந்தபோது மறந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தான். கல்வி உதவி விண்ணப்பம் கேட்டான், கொடுத்தேன். வாங்கிய பிறகும் போகாமல் வாசலில் நின்றான். “மாமா, ஒருத்தர் ஒரு பையைக் கொடுத்து இன்னொருத்தர்கிட்ட கொடுக்கச் சொன்னா, உள்ள என்ன இருக்குன்னு தெரியாம நாம கொடுத்தா, அது பாவமா?” என்று கேட்டான்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? “எவன் சொன்னான்? நீ யார்கூட சுத்தறே? உங்க அத்தாவைக் கூப்பிடட்டுமா?” அவ்வளவுதான். “இல்ல மாமா, ஃப்ரெண்டு கேக்கச் சொன்னான்” என்றான். அதற்கும் விடாமல், கெட்ட சகவாசத்தைப் பற்றி அவனை நிற்க வைத்தே கால் மணி நேரம் பயான் செய்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். அந்த விண்ணப்பம் திரும்பி வரவில்லை. மூன்று மாதம் கழித்து அவன் தாய் அழுதுகொண்டு வந்தார். கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டு, பையன் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். பையைக் கொடுத்து அனுப்பிய பெரிய மனிதன் வெளியே இருந்தான்.

அல்லாஹ்வின் கிருபையால் அவன் இன்று ஒரு பட்டறையில் வேலை செய்து தாயைக் காப்பாற்றுகிறான். பெயரைச் சொல்லாமல் இதை எழுதச் சம்மதித்தவனும் அவனே. ஒரு தடவை என்னிடம், “அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை ‘உக்காரு’ன்னு சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேன் மாமா” என்றான். நபியவர்கள் அந்த வாலிபரை முதலில் அருகில் வரச் சொன்னார்கள். எனக்குத்தான் அது வாயில் வரவில்லை.

போதை: சின்னப் பொட்டலத்தில் தொடங்குவது

நம் பகுதியின் நிலைமையை முதலில் புரிந்துகொள்வோம். ஆந்திரா, ஒடிசா பக்கத்திலிருந்து கஞ்சா வரும் சாலையும் ரயில் தடமும் கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் சென்னைக்கு வருகின்றன. எளாவூர் சோதனைச் சாவடியில் கஞ்சா பிடிபட்ட செய்தியைப் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோம். இன்னொரு பக்கம், காக்களூர் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோர் நம்மில் பலர். பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரத்தில் வீடு பூட்டியிருக்கும். பொருள் பக்கத்தில், பெரியவர் தூரத்தில் என்பதுதான் நம் பகுதியின் சிக்கல்.

பெரும்பாலும் தொடக்கம் கஞ்சாவில் இல்லை. உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் ‘கூல் லிப்’ போன்ற புகையிலைப் பொட்டலத்தில் தொடங்குகிறது. புகை வராது, வாசனை அதிகம் தெரியாது, வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். குட்கா, மெல்லும் புகையிலை ஆகியவற்றுக்குத் தமிழகத்தில் 2013 முதல் தடை இருந்தும், பெட்டிக்கடையில் தெரிந்தவருக்குக் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் இது பரவுவதைப் பற்றி 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது. இதற்கு அடுத்த படியில் பீடி, சிகரெட், கஞ்சா. அதற்கும் மேலே, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத வலி மாத்திரைகளை ஊசி மூலம் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சென்னையிலும் புறநகரிலும் வாலிபர்களைப் பிடித்திருக்கிறது. இதில் மூச்சு நின்று போகலாம். ஊசியைப் பகிர்வதால் எச்ஐவியும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் தொற்றும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. வாயில் ஆறாத புண், சிவந்த கண், இரவில் விழித்துப் பகலில் தூங்குவது, பழைய நண்பர்கள் வராமல் போவது, வீட்டில் சில்லறை குறைவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டை. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் குற்றம் சாட்டாதீர்கள். பல சேர்ந்து வந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

மார்க்கத்தின் தீர்ப்பில் சந்தேகம் இல்லை. போதை தரும் ஒவ்வொன்றும் மதுவைச் சேர்ந்தது, ஹராம் என்பது முஸ்லிமில் பதிவான நபிமொழி. ‘இது சாராயம் இல்லையே, இலைதானே, மாத்திரைதானே’ என்ற சமாதானம் இங்கே நிற்காது. அதே சமயம், மது விலக்கு வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். முதலில் அதில் பயனை விடப் பாவமே பெரிது என்று சொல்லப்பட்டது (2:219). பிறகு போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்று வந்தது (4:43). அதன் பிறகே முழுத் தடை வந்தது (5:90, 91). பழக்கத்தில் ஊறிய மனிதனுக்குப் படிப்படியான வழி தேவைப்படும் என்பதை அவனைப் படைத்தவன் அறிவான். இன்று தடை முழுமையானது, அதில் படி இல்லை. ஆனால் சிக்கிக்கொண்டவனை மீட்பதில் பொறுமை வேண்டும். அடித்து அறையில் பூட்டுவது சிகிச்சை ஆகாது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், குடிப்பழக்கத்தால் கணவரை இளம் வயதில் இழந்தவர். அந்தத் துயரத்தை மூடி வைக்காமல், 1980-ல் போதை மீட்புக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அடையாறு பகுதியில் இன்றும் இயங்கும் டிடிகே மருத்துவமனை அதிலிருந்து வந்தது. அங்கே நோயாளிக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. போதை ஒரு வீட்டின் நோய் என்பதை அந்த அம்மையார் அனுபவத்தில் கண்டவர். தமிழக அரசும் 2025-ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தாமதிக்காதீர்கள்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், பயன்படுத்தியதற்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கும், பிள்ளைகளை வைத்து அதைக் கடத்துபவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. என்னிடம் வந்த பையன் விஷயத்தில் தண்டனைக்குரியவன் பையைக் கொடுத்தவன். பையன் பேசியிருந்தால், நான் கேட்டிருந்தால், வழக்கு வேறு திசையில் போயிருக்கும்.

மிரட்டல்: இரு பக்கமும் நம் பிள்ளைகள்

ஒருவர் மற்றவரைப் பரிகாசம் செய்வதையும், குத்திப் பேசுவதையும், பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:11) தடுக்கிறது. பரிகசிக்கப்படுகிறவர் பரிகசிப்பவரை விடச் சிறந்தவராக இருக்கலாம் என்றும் அங்கே சொல்லப்படுகிறது.

நம் பிள்ளைகளைத் தொப்பியையும் பெயரையும் வைத்துக் கேலி செய்வது நடக்கிறது. மகள் ஹிஜாபைப் பற்றிக் கேட்ட சொல்லை வீட்டில் சொல்லாமல் விழுங்குகிறாள். இது நமக்கு வலிக்கிறது. ஆனால் நம் பிள்ளை, நிறத்தை வைத்தும், சாதியை வைத்தும், திக்கிப் பேசுவதை வைத்தும், வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளியின் மகனை மொழியை வைத்தும் கேலி செய்தால் அதுவும் அதே ஆயத்துக்குள் வருகிற பாவம்தான்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரைச் சாதியைச் சொல்லித் துன்புறுத்தி வந்த பள்ளித் தோழர்கள், அவர் பள்ளியில் புகார் சொன்ன பிறகு, இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அதன் அறிக்கை வந்தது. அந்த மாணவர் தேறி, அடுத்த ஆண்டே பொதுத்தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் பெற்றார்.

பிள்ளை பள்ளிக்குப் போகமாட்டேன் என்றால் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். பிள்ளை சொன்ன பிறகு, அதைக் கையாள்வதில் பெரியவர்களுக்குக் கவனம் வேண்டும். புகார் சொன்னது யார் என்று மிரட்டுகிறவர்களுக்கு அன்றே தெரிந்து, பிள்ளை தனியாகத் திரும்பி வரும்படி விடக் கூடாது. தலைமை ஆசிரியரைப் பெற்றோர் இருவருமாகச் சந்தியுங்கள். எழுத்தில் கொடுங்கள், தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சில நாட்கள் கூடவே போய் வாருங்கள். ‘நீயும் ரெண்டு அடி கொடுத்துட்டு வா’ என்று அனுப்பாதீர்கள். ரூட்டுச் சண்டையெல்லாம் அந்த இரண்டு அடியில் தொடங்கியவைதான்.

மிரட்டுகிறவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? அநீதி இழைக்கப்பட்டவனுக்கும் அநீதி இழைப்பவனுக்கும் உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அநீதி இழைப்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்றார்கள் (புகாரீ). ஆகவே பள்ளியிலிருந்து புகார் வந்தால் ‘என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்’ என்று வக்காலத்து வாங்காதீர்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பிள்ளையிடமும் அதன் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்க வையுங்கள்.

காதலும் கைப்பேசியும்

இந்த வயதில் மனம் ஒருவர் பக்கம் சாய்வது இயற்கை. அந்தச் சாய்வே குற்றம் என்று பேசினால் பிள்ளை ஒளிக்கத் தொடங்கும். சாய்ந்த மனதை எங்கே நிறுத்துவது என்பதைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அல்குர்ஆன் (17:32) விபச்சாரத்தைச் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை, அதை நெருங்காதீர்கள் என்கிறது. இன்று அந்த நெருக்கம் பூட்டிய அறையில் தொடங்குவதில்லை, நள்ளிரவில் போர்வைக்குள் கைப்பேசியில் தொடங்குகிறது.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சிறு வயதில் கண்ட கனவை அவர்கள் நேராகத் தந்தையிடம் போய்ச் சொன்னார்கள். தந்தை யஅகூப் (அலை) கேட்டார்கள், அருமை மகனே என்று அழைத்து எச்சரிக்கையும் செய்தார்கள் (12:4, 5). வாலிப வயதில், கதவுகள் அடைக்கப்பட்ட வீட்டில் சோதனை வந்தபோது, அவர்கள் அங்கே நின்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வாசலை நோக்கி ஓடினார்கள் (12:25). ஒரு நபியே ஓடினார்கள் என்றால், ஓடுவது கோழைத்தனம் அல்ல. கஞ்சா சுற்றி வரும் இடத்திலிருந்தும், சண்டைக்குக் கூட்டம் சேரும் இடத்திலிருந்தும், தனியே வரச் சொல்லும் ஆளிடமிருந்தும் வாசலை நோக்கி நடக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்போம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ரயிலில் ஒருவன் பின்தொடர்கிறான் என்றோ, படத்தை மாற்றி வெளியிடுவேன் என்று மிரட்டுகிறான் என்றோ மகள் சொன்னால், நம் வீடுகளில் அடுத்த நாள் என்ன நடக்கிறது? படிப்பை நிறுத்துகிறோம். கைப்பேசியைப் பிடுங்குகிறோம். அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறோம். தப்புச் செய்தவன் தெருவில் நடக்கிறான், உண்மை சொன்னவள் வீட்டில் அடைகிறாள். இதைப் பார்க்கும் தங்கை என்ன கற்றுக்கொள்வாள்? ‘எது நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது’ என்பதைத்தான். மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான். அவன் கையில் இருக்கும் ஆயுதம் படம் அல்ல, ‘உங்க வீட்ல சொல்லிடுவேன்’ என்ற ஒரு வார்த்தைதான். மகள் முன்பே வீட்டில் சொல்லிவிட்டால் அந்த ஆயுதம் மழுங்கிவிடும்.

அப்படிப்பட்ட மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழையுங்கள். 18 வயதுக்கு முன் மகளுக்கு நிக்காஹ் செய்து வைப்பது சட்டப்படி குற்றம். அது அவளைக் காப்பாற்றும் வழியும் அல்ல.

ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு: 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தையே. ‘அவளும் சம்மதித்தாள்’ என்ற பதில் அந்தச் சட்டத்தின் முன் செல்லாது. மகனுக்கு இதைப் பதினைந்து வயதிலேயே சொல்லிவிடுங்கள். ஹதீஸில் வந்த கேள்வியையும் கேளுங்கள். உன் தங்கையின் படத்தை ஒருவன் இப்படி வைத்திருந்தால் பொறுப்பாயா? பதிலை அவனே சொல்லட்டும்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி

ஒன்று: தினமும் இஷா தொழுகைக்குப் பிறகு பத்து நிமிடம், கைப்பேசியும் டிவியும் இல்லாமல் பிள்ளையோடு உட்காருங்கள். மார்க் பற்றிக் கேட்காதீர்கள். ‘இன்னிக்கு ரயில்ல என்ன நடந்துச்சு’ என்று கேளுங்கள். ஷிப்ட் மாறும் வீட்டில், இருப்பவர் யாரோ அவர் உட்காரட்டும்.

இரண்டு: பிள்ளை அதிர்ச்சி தரும் விஷயத்தைச் சொன்னால் முதல் வார்த்தை ‘உட்காரு’ என்றும், இரண்டாவது ‘சொன்னது நல்லது’ என்றும் இருக்கட்டும். மற்றதெல்லாம் பிறகு. பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒரு தடவை கூட ‘சீ’ என்று சொன்னதில்லை. தவறுக்குத் திருத்தம் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. ஆனால் உண்மை சொன்னதற்குத் தண்டனை இல்லை என்பதைப் பிள்ளைக்கு வாக்காகக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

மூன்று: மறுக்கும் வார்த்தையை வாயால் சொல்லிப் பழக்குங்கள். தகப்பன் நண்பனாக நடிக்கட்டும், மகன் மறுக்கட்டும். ‘எனக்கு வேணாம்டா.’ ‘எங்க அத்தா வாயை முகர்ந்து பார்ப்பாரு, மாட்டிப்பேன்.’ ‘எனக்கு டியூஷன் இருக்கு, நான் அடுத்த டிரெயின்ல வரேன்.’ பெற்றோரின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் பிள்ளைக்கு அனுமதி கொடுங்கள். கெட்டவர் என்ற பெயர் நமக்கு வந்தால் வரட்டும்.

நான்கு: குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வையுங்கள். பிள்ளை போனில் ‘பாட்டிக்கு மாத்திரை வாங்கணுமா?’ என்று கேட்டால், ‘நான் இங்கிருந்து கிளம்ப வேண்டும், கூப்பிடுங்கள்’ என்று பொருள். உடனே, ‘சீக்கிரம் வீட்டுக்கு வா’ என்று சத்தமாகத் திட்டுங்கள். பிறகு போய்க் கூட்டி வாருங்கள்.

ஐந்து: பெற்றோரிடம் சொல்ல முடியாத விஷயமும் இருக்கும். அதற்காகத் தாய்மாமாவோ, பெரியம்மாவோ, பள்ளிவாசல் ஹழ்ரத்தோ, நம்பிக்கையான ஒரு பெரியவரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நம் அறக்கட்டளை அலுவலகமும் உண்டு. இப்போது அங்கே பிள்ளைகள் உட்கார ஒரு நாற்காலி என் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய எண்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098. போதைப்பொருள் விற்பனை பற்றிப் புகார் செய்ய 10581. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 14416. பள்ளி மாணவர் உதவிக்கு 14417. ரயிலில் உதவிக்கு 139. சைபர் குற்றத்துக்கு 1930.

குடும்பமாகப் பேச வேண்டிய கேள்விகள்

1. சபையில் இருந்தவர்கள் வாலிபரை அதட்டியதற்கும், நபி (ஸல்) அவர்கள் நடந்துகொண்டதற்கும் என்ன வித்தியாசம்? நம் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது?

2. (பிள்ளைகளுக்கு) வீட்டில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறதா? சொன்னால் என்ன நடக்கும் என்று பயந்தாய்? விஷயத்தைச் சொல்லாவிட்டாலும் பயத்தை மட்டுமாவது சொல்.

3. (பெற்றோருக்கு) உங்கள் வாலிப வயதில் உங்கள் பெற்றோரிடம் மறைத்த ஒரு தவறு என்ன? மார்க்க வரம்புக்குள் பிள்ளைகளிடம் சொல்லக் கூடியதாக இருந்தால் சொல்லுங்கள்.

4. பிள்ளை போகிற வண்டியில், வகுப்பில், தெருவில், வாசலை நோக்கி நடக்க வேண்டிய இடங்கள் எவை?

5. நாம் யாருக்காவது வைத்த பட்டப்பெயர் உண்டா? இந்த வாரம் யாரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறோம்?

எங்கள் ரப்பே, எங்கள் துணைகளையும் பிள்ளைகளையும் எங்களுக்குக் கண் குளிர்ச்சியாக ஆக்குவாயாக. அவர்கள் தடுமாறும் நேரத்தில் எங்களைத் தேடி வரும்படியும், அவர்கள் வரும் நேரத்தில் எங்கள் நாவைக் காக்கும்படியும் அருள் செய்வாயாக. ரயிலிலும் சாலையிலும் பள்ளியிலும் இருக்கும் எல்லாச் சமுதாயப் பிள்ளைகளையும் பத்திரமாக அவரவர் தாயிடம் சேர்ப்பாயாக. ஆமீன்.